சிறகை எந்த அடுக்கில் பொருத்துவது? மலிவு ஏவுதலுக்கான விண்விமான வழிகள்

நாசாவின் விண்ணோடங்கள் (ஸ்பேஸ் ஷட்டில்) பறந்த காலத்தில், அவற்றில் ஒன்று தரையிறங்கிப் பராமரிப்புக் கூடத்துக்குள் வந்ததும், பணியாளர்கள் அதன் வயிற்றுக்கடியில் பீய்ச்சுக் கருவிகளோடு நின்று ஒரு வேலை செய்வார்கள். வெப்பக்காப்பு ஓடு ஒவ்வொன்றிலும் பொடித்துளை ஒன்று இருக்கும். அந்தத் துளை வழியாக நீர்விலக்கு ரசாயனத்தை உள்ளே செலுத்த வேண்டும். போன முறை செலுத்தியது வளிமண்டலத்துக்குள் நுழைந்த சூட்டில் எரிந்து போயிருக்கும். அதைத் திரும்ப நிரப்பாவிட்டால் ஓடுகள் மழைநீரை உறிஞ்சி எடை கூடிவிடும். டிஸ்கவரி என்ற விண்ணோடத்தில் இப்படி 24,000-க்கும் மேற்பட்ட ஓடுகள் இருந்தன. பெரும்பாலானவற்றின் அளவும் வளைவும் தனித்தனி. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் பொருத்த முடியாது, ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு.

அந்த ஓடு அருமையான பொருள். சிலிக்கா இழைகளால் ஆனது. அதன் பருமனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றுதான். கையில் எடுத்தால் தக்கை போல இருக்கும். 1,200 டிகிரி உலையிலிருந்து எடுத்த கட்டி உள்ளே தகதகவென்று சிவந்திருக்கும்போதே, அதன் விளிம்புகளை வெறும் விரல்களால் பிடித்துத் தூக்கலாம். அறிவியலாக அது வெற்றி. செலவுக் கணக்கில்தான் அது அடி வாங்கியது. விண்ணோடம் ஆண்டுக்கு 50 முறை வரை பறக்கும் என்பது 1970களின் கணக்கு. நடந்ததில் மிக அதிகம் 1985-ல் 9 முறை. 1981 முதல் 2011 வரை மொத்தம் 135 பயணங்கள். திட்டத்தின் முழுச் செலவையும் அந்த எண்ணால் வகுத்தால் ஒரு பயணத்துக்குச் சுமார் 150 கோடி டாலர் வருகிறது.

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி குறுகியது. 100 முதல் 500 கிலோ வரை எடையுள்ள செயற்கைக்கோள்களைத் தாழ்வட்டப் பாதைக்கு, அதாவது பூமியை ஒட்டிய சுற்றுப்பாதைக்கு, மலிவாக அனுப்ப வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நிலை மாற வேண்டும். அதற்கு விமானம் போல ஓடுபாதையில் இறங்கி, சில நாட்களில் மீண்டும் பறக்கும் வாகனம் ஒன்றை உருவாக்கலாமா? உருவாக்குவதானால் எந்த வகையை? விண்விமானம் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு யோசனைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எடுக்கும் முடிவு எதுவும் தேறாது.

நான் அளக்கப் பயன்படுத்தும் கோல் இதுதான்: திரும்ப வரும் பகுதி என்ன வேகத்திலிருந்து திரும்புகிறது, இறங்கிய பின் மறுபடி பறக்கும் வரை அதன்மேல் எத்தனை மனித நாட்கள் செலவாகின்றன.

வேகத்தை முதலில் பார்ப்போம். சுற்றுப்பாதையில் நிற்கும் பொருளின் வேகம் நொடிக்கு 7.8 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு கிலோ எடையிலும் சுமார் 30 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதே எடை டிஎன்டி வெடிமருந்தில் இருப்பதைப் போல 7 மடங்கு. கீழே வரும்போது அத்தனையும் வெப்பமாக மாறித்தான் தீர வேண்டும். ஒரு ராக்கெட்டின் முதல் அடுக்கோ, அதாவது முதலில் எரிந்து கழன்றுவிடும் அடிப்பகுதியோ, நொடிக்கு 2 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் பிரிந்துவிடும். அதில் கிலோவுக்கு 2 மெகாஜூல்தான். பதினைந்தில் ஒரு பங்கு. முதல் அடுக்கைத் திரும்பக் கொண்டுவர ஆயிரக்கணக்கான ஓடுகள் தேவைப்படாததற்கு இந்த வகுத்தல்தான் காரணம். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த வகுத்தலைச் சுற்றியே போகிறது.

ஒரே அடுக்கில் மேலே போய்த் திரும்புவது

எல்லோருக்கும் பிடித்த கனவு இது. ஓடுபாதையில் கிளம்பி, எதையும் கழற்றி எறியாமல் சுற்றுப்பாதைக்குப் போய், செயற்கைக்கோளை விட்டுவிட்டு, அதே ஓடுபாதையில் இறங்குவது. எனக்கும் இதன்மேல் ஆசை உண்டு. ஆனால் கணக்கு இரக்கமற்றது.

சுற்றுப்பாதை வேகத்தோடு, ஏறும்போது புவியீர்ப்பும் காற்றும் பிடுங்கிக்கொள்வதைச் சேர்த்தால் வாகனம் நொடிக்குச் சுமார் 9.3 கிலோமீட்டர் அளவுக்கு உந்த வேண்டும். திரவ ஹைட்ரஜன் எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் வேகம் நொடிக்கு 4.4 கிலோமீட்டர். ராக்கெட்டின் வேகத்தையும் எடையையும் இணைக்கும் சியால்கோவ்ஸ்கியின் சமன்பாட்டில் இந்த இரண்டையும் போட்டால், 100 டன்னாகக் கிளம்பிய வாகனம் மேலே போய்ச் சேரும்போது 12 டன்னாக மிஞ்சும். கெரசின் எஞ்சின் என்றால் 6 டன். தொட்டி, எஞ்சின், இறக்கை, சக்கரம், வெப்பக் கவசம், கணினி, கடைசியில் செயற்கைக்கோள் என்று எல்லாம் அந்த 12 டன்னுக்குள் அடங்க வேண்டும். வாகனம் 11 டன், சுமை 1 டன் என்று திட்டமிட்டதாக வைத்துக்கொள்வோம். கட்டும்போது வாகனத்தின் எடை பத்து சதவீதம் கூடிப்போனால் சுமைக்கு இடமே இல்லை. புதிய வகை வாகனத்தில் எடை பத்து சதவீதம் கூடுவது சர்வசாதாரணம்.

எக்ஸ்-33 இப்படித்தான் முடிந்தது. வென்ச்சர்ஸ்டார் என்ற ஒற்றை அடுக்கு வாகனத்துக்கு முன்னோட்டமாக நாசாவும் லாக்ஹீட் மார்ட்டினும் 1996-ல் அதைத் தொடங்கின. எடையைக் குறைக்க ஹைட்ரஜன் தொட்டியைக் கலப்பு இழையில், நடுவே தேன்கூட்டு அடுக்கு வைத்துச் செய்தார்கள். 1999 நவம்பரில் மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனை நிரப்பிச் சோதித்தார்கள். குளிரில் சுவரின் உட்தோலில் மயிரிழை விரிசல்கள் விழுந்து, வாயு தேன்கூட்டு அறைகளுக்குள் கசிந்தது. தொட்டியைக் காலி செய்தபின் சூடு ஏற ஏற அந்த வாயு விரிந்து, வெளித்தோலை உரித்துவிட்டது. பிறகு உலோகத் தொட்டிக்கு மாறத் திட்டமிட்டார்கள். 2001-ல் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு தடவைகூடப் பறக்கவில்லை.

பிரிட்டனின் ஸ்கைலான் வேறு வழி பார்த்தது. ஆக்சிஜனைச் சுமந்து போவதால்தானே இவ்வளவு எடை, போகிற வழியில் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டால் என்ன? மாக் 5 வேகத்தில் (ஒலிவேகத்தைப் போல 5 மடங்கு) எஞ்சினுக்குள் நுழையும் காற்று 1,000 டிகிரி சூட்டில் இருக்கும். அதை நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் குளிர்விக்க, மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் பின்னிய ஒரு குளிர்விப்பானை ரியாக்‌ஷன் எஞ்சின்ஸ் நிறுவனம் செய்தது. 2019-ல் அமெரிக்காவின் கொலராடோவில் பழைய ஜெட் எஞ்சின் ஒன்றின் உதவியால் அந்தச் சூட்டை உண்டாக்கிச் சோதித்தபோது அது வேலை செய்தது. பொறியியலில் நான் பெரிதும் மதிக்கும் சாதனைகளில் ஒன்று அது. ஆனாலும் காற்றை மூச்சிழுக்கும் கட்டம் மாக் 5-ஐச் சற்றுத் தாண்டியதும் முடிந்துவிடும். அது சுற்றுப்பாதை வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மிச்ச நான்கு பங்கையும் சாதாரண ராக்கெட்டாகத்தான் கடக்க வேண்டும், அதுவும் குளிர்விப்பானின் எடையைத் தூக்கிக்கொண்டு. 2024 அக்டோபர் இறுதியில் நிறுவனம் நொடித்துப்போய் நிர்வாகிகள் கைக்குப் போனது. ஸ்கைலான் வரைபடத்தோடு நின்றது.

சின்னச் செயற்கைக்கோளுக்காக இந்த வழியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். பொருள் அறிவியலில் பெரிய தாவல் நடந்தால் திரும்பப் பார்க்கலாம்.

தாய் விமானத்திலிருந்து விடுவது

முந்தையதற்கு நேர் எதிர் யோசனை. பறக்கும் விமானத்தை வாங்கி, அதன் வயிற்றிலோ இறக்கைக்கடியிலோ ராக்கெட்டைத் தொங்கவிட்டு, 12 கிலோமீட்டர் உயரத்தில் விடுவது. திரும்ப வரும் பகுதி ஒலிவேகத்தைக்கூடத் தொடவில்லை. வெப்பக் கவசம் வேண்டாம், மறுநாளே பறக்கலாம். காகிதத்தில் என் கோலுக்கு முழு மதிப்பெண்.

ஆனால் விமானம் கொடுக்கும் வேகம், சுற்றுப்பாதைக்கு வேண்டிய வேகத்தில் சுமார் 3 சதவீதம். ஆற்றலாகக் கணக்கிட்டால் ஆயிரத்தில் ஒன்று. உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: 12 கிலோமீட்டர் உயரத்தில் வளிமண்டலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கீழே போய்விடுகிறது, ராக்கெட்டின் முதல் எஞ்சினுக்கே வாயு வெளியேறும் பெரிய புனல் வைக்கலாம், எந்தக் கடல்மேலும் பறந்து போய், பூமத்திய ரேகைக்கு விரும்பிய சாய்வில் உள்ள பாதைக்கு ஏவலாம். இவை பயனுள்ளவைதான். ஆனால் விலை உயர்ந்த பகுதி ராக்கெட். அது ஒவ்வொரு முறையும் கடலுக்குள் போகிறது. மலிவான பகுதியைத் திரும்பக் கொண்டுவந்து, விலை கூடியதை எறிகிறோம்.

பெகாசஸ் 1990-லிருந்து இதைச் செய்தது. ராக்கெட் நம்பகமானது, 2021 வரை மொத்தம் 45 ஏவுதல்கள். 2014-ல் ஐகான் என்ற செயற்கைக்கோளுக்காக நாசா அதை ஒப்பந்தம் செய்தபோது மொத்த ஏவுதல் செலவு 5.63 கோடி டாலர். ஐகான் 290 கிலோவை ஒட்டியது. கிலோவுக்கு ஏறக்குறைய 1.9 லட்சம் டாலர். பின்னால் வந்த வர்ஜின் ஆர்பிட், 747 விமானம் ஒன்றின் இறக்கைக்கடியில் லாஞ்சர்ஒன் ராக்கெட்டைத் தொங்கவிட்டு 2020 முதல் 6 முறை ஏவிப் பார்த்தது, நான்கு வெற்றி. 2023 ஜனவரியில் கார்ன்வாலிலிருந்து கிளம்பியதில் எரிபொருள் பாதையில் ஒரு வடிகட்டி பெயர்ந்து, இரண்டாம் அடுக்கு எஞ்சின் கெட்டது. சில மாதங்களில் நிறுவனம் திவால். அந்த ஒரு தோல்வி மட்டும் அதைக் கவிழ்த்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு 747-ஐயும் அதன் ஆட்களையும் ஆண்டு முழுக்க வைத்திருந்து, ஆண்டுக்கு இரண்டு முறை பறப்பது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை. 117 மீட்டர் இறக்கை நீளம் கொண்ட ஸ்ட்ராட்டோலாஞ்ச் விமானமும் சுற்றுப்பாதை ஏவுதலை விட்டு, அதிவேகச் சோதனை வாகனங்களைச் சுமக்கும் வேலைக்கு மாறிவிட்டது.

எந்தச் சாய்விலும், சொன்ன நேரத்தில், ஏவுதளம் இல்லாமல் ஏவ வேண்டும் என்ற அவசரத் தேவை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். மலிவு என்று சொல்லி இதை விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

ராக்கெட்டின் தலையில் அமரும் இறக்கை வாகனம்

அமெரிக்க ராணுவத்தின் எக்ஸ்-37பி இந்த வகை. நீளம் 9 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ராக்கெட்டின் மூக்குக் கூட்டுக்குள் அடங்கி மேலே போகும். ஒரு பயணத்தில் 908 நாட்கள் சுற்றிவிட்டு 2022 நவம்பரில் ஆளில்லாமல் தானே ஓடுபாதையில் இறங்கியது. சோவியத்தின் புரான் 1988 நவம்பர் 15-ல் இதே வகைத் தானியங்கித் தரையிறக்கத்தைச் செய்து காட்டியது. அது பறந்தது அந்த ஒரே முறைதான். மேலே கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மருந்து மூலக்கூறு, படிகம், சோதனைக் கருவி போன்றவை மெதுவாக, அதிர்ச்சியில்லாமல் இறங்கும்.

செயற்கைக்கோள் ஏவுவதற்கு இது பொருத்தமே இல்லை. ஏவிவிட்டு வெறும் கையோடு திரும்பும் வாகனத்தின் இறக்கையும் சக்கரமும் சுற்றுப்பாதை வரை போய்வருகின்றன. அங்கே கூடும் ஒவ்வொரு கிலோவும் செயற்கைக்கோளின் கணக்கிலிருந்து ஒரு கிலோவைக் கழிக்கும். அடியில் உள்ள ராக்கெட்டுக்கும் முழு விலை கொடுத்தாக வேண்டும்.

முதல் அடுக்குக்கு மட்டும் இறக்கை

இங்கேதான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். கீழ் அடுக்குக்கு இறக்கை வைப்போம். அது மேல் அடுக்கை நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகம் வரை தூக்கிவிட்டு, பிரிந்து, சறுக்கியபடி ஓடுபாதைக்கு வரட்டும். மேல் அடுக்கு சிறியது, எளியது, ஒருமுறை மட்டும் பயன்படுவது. முதல் அடுக்கில் ஒரு கிலோ கூடினால் சுமையில் குறைவது அதில் ஒரு சிறு பங்குதான். பொதுவாக முதல் அடுக்கில் 5 முதல் 10 கிலோ ஏறினால் சுமையில் 1 கிலோ குறையும். இறக்கையின் எடையைத் தாங்கக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான டார்ப்பா 2013-ல் தொடங்கி, 2017-ல் போயிங்கிடம் ஒப்படைத்த எக்ஸ்எஸ்-1 திட்டத்தின் இலக்குகள் இந்த வகையின் பலத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன: 10 நாளில் 10 பறப்பு, ஏறத்தாழ 1,360 கிலோ சுமை, ஒரு ஏவுதல் 50 லட்சம் டாலருக்குள். 2018-ல் அந்த வாகனத்துக்கான ஏஆர்-22 எஞ்சினைச் சோதனை மேடையில் 240 மணி நேரத்துக்குள் 10 முறை எரித்துக் காட்டினார்கள். விண்ணோட எஞ்சின் வம்சத்தில் வந்த ஒரு ஹைட்ரஜன் எஞ்சினை ஒரு நாள் இடைவெளியில் காயவைத்து, பரிசோதித்து, மறுபடி பற்றவைப்பது சாதாரணமல்ல. என் கோலின் இரண்டாவது பாதிக்கு, அதாவது மனித நாட்களுக்கு, கிடைத்த நல்ல ஆதாரங்களில் அது ஒன்று. ஆனால் 2020 ஜனவரியில் போயிங் விலகிக்கொண்டது. விமானம் உருவாகவே இல்லை.

தரையிறங்கும் பகுதி இந்தியாவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. இஸ்ரோ 2016 மே 23-ல் ஆர்எல்வி-டிடி என்ற சிறு வாகனத்தை 65 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி, மாக் 5 அளவில் திரும்பி வரச் செய்தது. அது திட்டமிட்டபடி கடலில் இறங்கியது. தரையிறக்கத்தை சித்ரதுர்கா ஓடுபாதையில் தனியாகச் சோதித்தார்கள். 2024 ஜூன் 23-ல் நடந்த மூன்றாவது சோதனையில் சினூக் ஹெலிகாப்டர் வாகனத்தை 4.5 கிலோமீட்டர் உயரத்தில், ஓடுபாதைக்கு அதே தூரம் முன்னால், வேண்டுமென்றே 500 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி விட்டது. எஞ்சின் கிடையாது, தவறினால் சுற்றிவந்து மறுபடி முயல வழியில்லை. வாகனம் தானே வளைந்து, ஓடுபாதையின் நடுக்கோட்டைப் பிடித்து, மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தொட்டது. பயணிகள் விமானம் தொடுவது 260-ல். பாராசூட் விரிந்து வேகத்தை 100-க்கு அருகே இறக்கியபின்தான் சக்கர பிரேக் பிடித்தது. குட்டை இறக்கைக்குக் கொடுக்கும் விலை அந்த வேகம்: டயரும் ஓடுபாதையும் அதைத் தாங்க வேண்டும்.

இறக்கையின் அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விண்ணோடத்துக்கு அவ்வளவு பெரிய முக்கோண இறக்கை வந்தது, ராணுவம் பக்கவாட்டில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் விலகி இறங்கும் திறனைக் கேட்டதால். அந்தத் திறன் தேவைப்பட்ட பயணம் ஒன்றுகூட நடக்கவில்லை. இறக்கையை மட்டும் 30 ஆண்டுகள் சுமந்தார்கள். எந்த விண்விமானத் திட்டத்தைப் பார்த்தாலும், இறக்கை ஏன் இந்த அளவு, யாருடைய தேவைக்காக என்று முதலில் கேட்க வேண்டும்.

இந்த வழியின் தொல்லை, பிரிந்த இடம் ஏவுதளத்திலிருந்து வெகுதூரம் என்பது. சறுக்கி மட்டும் திரும்ப முடியாது. கடல்தாண்டி எதிரே ஓடுபாதை வேண்டும். அல்லது திரும்பி வர எரிபொருள் வேண்டும். அல்லது ரஷ்யர்கள் பைக்கால் என்ற யோசனையில் வரைந்தது போல மூக்கில் ஒரு ஜெட் எஞ்சின் வேண்டும். மூன்றுமே எடை.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் இதே வேலையை இறக்கையில்லாமல் செய்துவிட்டது. 2015 டிசம்பரில் முதல் தரையிறக்கம், 2017 மார்ச்சில் முதல் மறுபறப்பு. இப்போது ஒரே முதல் அடுக்கு 30 முறைக்கு மேல் பறக்கிறது. கால்களும் மிச்ச எரிபொருளும்தான் அதற்கான எடை. முழுவதும் எறிந்தால் 22.8 டன் போகும் ராக்கெட், மீட்டெடுக்கும்போது 17 டன்னைத் தாண்டிக் கொண்டுபோகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதலான இழப்பு. எஞ்சின் ஏற்கெனவே இருக்கிறது. எரிபொருள் விலையோ ஏவுதல் விலையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

அப்படியானால் இறக்கைக்கு இடமே இல்லையா? சின்ன வாகனத்தில் இருக்கிறது என்பதே என் எண்ணம். ராக்கெட் சிறுத்தால் சுமைக்கான பங்கும் சிறுக்கும். தரையிறங்க ஒதுக்கும் எரிபொருள் முழுச் சுமையையுமே தின்றுவிடக்கூடும். 300 கிலோ சுமக்கும் எலக்ட்ரான் ராக்கெட்டை ராக்கெட் லேப் நிறுவனம் எஞ்சினால் இறக்க முயலாமல், பாராசூட்டில் இறக்கி ஹெலிகாப்டரால் பிடிக்கப் பார்த்தது. பிறகு கடலில் விழவிட்டு எடுத்தது. அந்த அளவில் காற்றே வேகத்தைக் குறைக்கும் வழிதான் எடுபடும். உப்புநீரில் நனையாமல் ஓடுபாதையில் இறங்கினால் எஞ்சினைக் கழுவிப் பிரிக்கும் நாட்களும் மிச்சம். நியூசிலாந்தில் டான் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் சின்ன ராக்கெட் விமானம் 2024 நவம்பரில் சாதாரண ஓடுபாதையில் கிளம்பி, ஒலிவேகத்தைத் தாண்டி, 25 கிலோமீட்டர் உயரம் தொட்டுத் திரும்பியது. சுற்றுப்பாதைக்கு அது இன்னும் வெகுதூரம். ஆனால் முதலில் அடிக்கடி பறக்கக் கற்றுக்கொண்டு, பிறகு வேகத்தைக் கூட்டும் வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

எத்தனை முறை பறக்கும்?

உதாரணக் கணக்கு ஒன்று. உருவாக்கும் செலவு 100 கோடி டாலர் என்று கொள்வோம். பத்து ஆண்டுகளில் 100 முறை பறந்தால் ஒரு ஏவுதலின் தலையில் 1 கோடி விழும். ஆண்டுக்கு இரண்டு என்றால் 5 கோடி. மறுபயன்பாட்டில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் இந்த 4 கோடி வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது. ஆக, எத்தனை வாடிக்கையாளர் என்பது இறக்கையின் வடிவத்துக்கு முன்னால் வரும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு இன்றைய பதில் சாதகமாக இல்லை. 2021 ஜனவரியில் ஃபால்கன் 9 ஒரே ஏவுதலில் 143 சின்னச் செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. அந்தக் கூட்டுப் பயணத் திட்டத்தில் 2019-ல் 200 கிலோவுக்கு 10 லட்சம் டாலர் கேட்டார்கள், கிலோவுக்கு 5,000. அதற்குப் பிறகு விலை கூடியிருக்கிறது. ஆனாலும் சிறு வாகனம் எதுவும் அதன் பக்கத்தில் வர முடியாது. பேருந்தில் போக முடிந்தவர்கள் பேருந்தில்தான் போவார்கள். தனக்கென்று ஒரு உயரம், ஒரு சாய்வு, ஒரு தேதி வேண்டியவர்கள் மட்டுமே தனி வண்டிக்குக் காசு கொடுப்பார்கள். அவர்களில் ஆண்டுக்குப் பத்துப் பேரையாவது ஒப்பந்தத்தோடு கையில் வைத்திருக்க வேண்டும்.

எனவே, கையில் ஒரு செயற்கைக்கோள் இருந்து அடுத்த ஆண்டு ஏவ வேண்டியவர், விண்விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்; கூட்டுப் பயணத்தில் இடம் பிடியுங்கள், உங்கள் பாதை அதற்கு ஒத்துவராவிட்டால் எலக்ட்ரான் போன்ற தனி ராக்கெட்டைப் பாருங்கள். வாகனத்தை உருவாக்கப் பணம் போடுபவருக்கு என் தேர்வு இறக்கை வைத்த முதல் அடுக்கு, எளிய இரண்டாம் அடுக்கு. நிபந்தனைகள் உண்டு: பிரியும் வேகம் நொடிக்கு 2 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, உலோகத் தோலே சூட்டைத் தாங்க வேண்டும், ஓடுகள் வேண்டாம், இறங்கும் ஓடுபாதை எங்கே என்பது முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும், மேல் அடுக்கு இல்லாமலே அந்த விமானம் ஒரு வாரத்தில் மூன்று முறை பறந்து காட்ட வேண்டும். இரண்டாம் தவணைப் பணத்தை அந்த மூன்றாவது பறப்பு தரையிறங்கிய பிறகு கொடுத்தால் போதும்.